அம்முவின் பின்பக்கத்துக் கிரீஸ்

நவ. 11, செவ்வாய்

விடியும்போதே தூறல். பட்டறைத் தகரத்தின் மேல் ஒரே இரைச்சல். மழை வந்தால் திண்டிவனத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே வியாதி: பிளக்கில் தண்ணீர், செயினில் துரு. கல்லூரிப் பையன் ஒருவன் வண்டிக்குப் பின்சக்கர பேரிங் மாற்ற வேண்டும். எனக்குக் கடைவாய்ப் பல் வலி.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் யாழினி அம்முவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். அம்மு அவளுடைய கினிப் பன்றி. ஆறாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் நாய்க்குட்டி என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். நாயைவிடச் சின்னதாக, குரைக்காததாகப் பார்த்து வாங்கி வந்தவனும் நான்.

"அப்பா, அம்மு பின்னாடி பாரேன். ஒரே கிரீஸு."

பார்த்தேன். வால் என்று ஒன்று இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அதற்குச் சற்று மேலே கறுப்பாகப் பிசுபிசுப்பு. முடியெல்லாம் ஒட்டிக் கற்றையாகிவிட்டது. புளித்த நாற்றம்.

வீட்டுக்காரி செல்வி உள்ளேயிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "உங்க கையில இருந்ததுதான் ஒட்டியிருக்கும். கை கழுவாம அத்த தூக்காதீங்கன்னு எத்தினி தபா சொல்லிக்கினு இருக்கேன்? கொஞ்சம் தேங்கா எண்ணெ வச்சுத் துடைங்க, வந்துடும்."

"கிரீஸுக்கு மேல எண்ணெயா? எண்ணெ மேல எண்ணெ விட்டு எந்த மெக்கானிக்காவது துடைப்பானா?"

யாழினி சிரித்தாள். அப்பாவின் அறிவு மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் போன பிறகு பட்டறை முறைப்படி வேலை. பனியன் வேஸ்ட் துணி, மண்ணெண்ணெய். அம்மு கீச்சென்று கத்தியது, துள்ளியது. இடது கையால் அழுத்திப் பிடித்தேன். கறுப்பு முக்கால்வாசி வந்துவிட்டது. அடியில் ரோஜா நிறத்தில் தோல். பேரிங்கைவிடச் சுத்தம். எனக்கே பெருமை. கூண்டில் விட்டேன். டெலிவரி முடிந்தது.

மாலையில் கரண்ட் இல்லை. பல் வலி இருக்கிறது.

நவ. 12, புதன்

மழை வலுத்துவிட்டது. காலையில் கூண்டைத் திறந்தால் அம்மு மூலையில் பந்து மாதிரி. முடி சிலிர்த்து, கண் பாதி மூடி. நேற்று வைத்த வெள்ளரிக்காய் அப்படியே. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே விசில் அடிக்கிற ஜந்து, இன்று கொத்தமல்லியை மூக்கருகில் வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடியை விலக்கினேன். நான் துடைத்த இடம் மிளகாய் அரைத்துப் பூசியது போல. கொத்தாக முடி கையோடு வந்தது.

யாழினி பார்த்துவிட்டாள். உதடு கோணியது. "நான்தான்பா. ஞாயித்துக்கிழமை உனக்குத் தெரியாம என் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். அதான் இப்பிடி வெந்துபோச்சு."

இங்கே ஒரு தகப்பன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நான் சொன்னது: "அழாத, ஸ்கூலுக்கு நேரமாச்சு." சொல்லிவிட்டு ஒரு கார்புரேட்டரை எடுத்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

ஊரெல்லாம் வைத்தியர்கள். டீக்கடைக்காரர்: "சொறிதான் தலைவா. நாய்க்குப் போடற உண்ணி மருந்து கெடக்குது, எத்துக்கினு போ." பங்க்சர் கடைக்காரர்: "வேப்பெண்ணெ தடவு." கையில் வாங்கிவிட்டேன் உண்ணி மருந்தை. மூடியும் திறந்தேன். என் கையால் இன்னொரு சொட்டு அதன் மேல் விழ வேண்டாம் என்று மூடிவிட்டேன்.

மாலை மாட்டாஸ்பத்திரி. வரிசையில் ஒரு கறவை, இரண்டு வெள்ளாடு, கூடையில் அம்முவோடு நான்.

"இது இன்னாது, எலியா மொசலா?" ஆட்டுக்காரர்.

"கினிப் பன்னிங்க."

"பன்னியா! நம்மூர்ல பன்னிக்கும் ரேஷன் கொறைஞ்சுபோச்சு போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடைக்குள் இருந்ததுதான் அசையவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். கையில் ஏந்திப் பார்த்தார். "நான் மாடு, ஆடு பாக்கறவன். இதுக்கு ஒத்துக்காத மருந்துங்க நெறைய. தெரியாம ஊசி போட்டா அதுலயே போயிடும். விழுப்புரத்துல ஒரு மேடம் இருக்காங்க, நாய், பூனை, கிளி எல்லாம் பாப்பாங்க. காலையில ஜல்தியா போங்க. இதுங்க சாப்பிடாம ரொம்ப நேரம் தாங்காது."

ரொம்ப நேரம் என்றால் எவ்வளவு என்று கேட்காமலே கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

நவ. 13, வியாழன்

மழை விட்டு விட்டு. யாழினி பள்ளிக்கு மட்டம். ஹெல்மெட் வந்த அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் துண்டு விரித்து அம்மு. வி.புரம் பஸ்.

கண்டக்டர்: "பொட்டியில இன்னா சார்?"

"பன்னிங்க."

"யோவ்!"

யாழினி பெட்டியைத் திறந்து காட்டினாள். பக்கத்தில் மல்லாட்டை மூட்டையோடு இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "அய்ய, பெருச்சாளி!"

"பெருச்சாளி இல்லக்கா, அம்மு. ஒடம்பு சரியில்ல."

அந்த அம்மா மூட்டையை நகர்த்திப் பெட்டிக்கு இடம் கொடுத்தார். மகள் வழி முழுக்க பெட்டிக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டே வந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாளாம்.

வி.புரம் டாக்டரம்மா வயதில் சின்னவர். கண்ணாடி. அம்முவைத் திருப்பினார். "என்ன போட்டீங்க?"

"நான் ஷாம்பு..." என்று யாழினி ஆரம்பித்தாள்.

"ஷாம்புல இப்படி வெந்துபோகாதும்மா. நீங்க என்ன போட்டீங்க சார்?"

"ஒண்ணும் போடலைங்க மேடம்."

அவர் குனிந்து மோந்தார். "கெரசின் வாசனை வருதே."

"அது... நம்மது வண்டிப் பட்டறைங்க. துணியில இருந்திருக்கும்."

யாழினி பெட்டியைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"நான்தாங்க துடைச்சேன். கிரீஸுன்னு நெனச்சுட்டேன்."

டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "கிரீஸ்தான் சார். ஆனா உங்க கிரீஸ் இல்ல, இதோட சொந்தக் கிரீஸ். இந்த எடத்துல இதுங்களுக்கு ஒரு சுரப்பி இருக்கு. இது என் எடம்னு தேய்ச்சு வைக்கறதுக்கு. ஆணுக்கு அதிகமா சுரக்கும், சில சமயம் அடைச்சுக்கும். தேங்காய் எண்ணெய் வச்சு ஊறவிட்டு, மெதுவா துடைச்சு, லேசா சோப்புத் தண்ணியில கழுவினா போதும்."

தேங்காய் எண்ணெய். வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வேன்.

"ஆணுக்கா?" என்றாள் யாழினி.

"ஆமா, இது பையன்தான். உனக்குத் தெரியாதா?"

வெந்நீர் ஆறவைத்துக் கழுவினார். வலிக்கு ஊசி. களிம்பு. உண்ணி மருந்து போடாதது நல்லது என்றார். நான் செய்த ஒரே நல்ல காரியம், செய்யாமல் விட்டது. "தோல் ஆறிடும் சார். அது கவலையில்ல. திரும்பித் திரும்பி அங்க நக்கியிருக்கு, கெரசின் உள்ள போயிருக்கு. வலி வேற. குடல் வேலையை நிறுத்திடுச்சு. தீனியைக் கரைச்சு சிரிஞ்சுல கொஞ்சம் கொஞ்சமா வாயோரமா விடுங்க. கொய்யாப்பழமும் மசிச்சுக் குடுங்க. புழுக்கை போடணும். போட்டா பொழைக்கும். போடலைன்னா சனிக்கிழமை தூக்கினு வாங்க. ஆனா நான் உறுதி சொல்ல மாட்டேன்."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. யாழினி பெட்டியோடு முன் சீட்டுக்குப் போய்விட்டாள். தி.வனம் வரும் வரை அவளுடைய இரட்டைச் சடையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பவில்லை.

நவ. 14, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. பள்ளியில் குழந்தைகள் தினம், கலர் டிரஸ். யாழினி போகவில்லை. என்னோடு பேச்சும் இல்லை. எதுவானாலும் செல்வி வழியாக: "அம்மா, களிம்பை எடுத்துத் தரச் சொல்லு."

தேங்காய் எண்ணெய் பற்றிச் செல்வி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணெய்ப் புட்டியைக் கூண்டுக்கு மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாள். போதும். "அம்முவை இனிமே இன்னான்னு கூப்பிடறது?" என்று மட்டும் கேட்டாள்.

சிரிஞ்சில் ஊட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் விட. செல்வி பிடித்தால் நழுவுகிறது. அவளுக்கு நகம் பட்டால் பயம். ஊட்டியதில் பாதி தாடையில் வழிகிறது.

நான் பிடிக்கிறேன் என்று கை நீட்டினேன். அம்மு மூக்கைச் சுருக்கியது. பிறகு உடம்பு முழுக்க நடுங்க, பின்னாலேயே நகர்ந்து கூண்டின் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. நிற்கவே தெம்பு இல்லாதது. என்னைக் கண்டு அந்தத் தெம்பையும் செலவழிக்கிறது.

"அம்மா, அவரைத் தள்ளிப் போகச் சொல்லு. அந்த நாத்தம் அவனுக்குப் பயமா இருக்கு."

அவர். இதுவரை அப்பாவாக இருந்தவன்.

பட்டறையில் உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை. பேரிங் மாற்ற வந்த பையன் போனில் யாரிடமோ: "மெக்கானிக்கு பேஜாரா இருக்காருடா, பன்னிக்குச் சீரியஸாம்." சிரிப்புச் சத்தம். எனக்கும் ஒரு வாரத்துக்கு முன்னால் சிரிப்பு வந்திருக்கும். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாமியிடம் கேட்டேன். புழுக்கை கேட்டு வேண்டிக்கொண்டவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒன்றே ஒன்று போதும், சாமி.

கூண்டில் விரித்த தாள் மாலை வரை வெள்ளை.

நவ. 15, சனி

வானம் மூடாப்பு. மழை இல்லை. பட்டறை திறக்கவில்லை. சட்டை, லுங்கி எல்லாம் புதிதாய்த் துவைத்தது. கிணற்றடியில் உட்கார்ந்து கை கழுவினேன். சோப்பு. பிறகு புளி. பிறகு எலுமிச்சை. நகக்கண்ணில் குச்சி விட்டுச் சுரண்டல். தோல் வெளுத்துச் சுருங்கியது.

வாசலில் போய் நின்றேன். யாழினி வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்து, அந்த டாக்டரம்மா மாதிரியே குனிந்து மோந்தாள்.

"வருது."

திரும்பப் போனேன். சீயக்காய். செங்கல் தூள். மறுபடி சோப்பு.

"இன்னும் கொஞ்சம் வருது."

அம்மு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வி.புரம் பஸ்ஸுக்குப் பெட்டி தயார். செல்வி பெட்டியைப் பார்க்காமல் வேறு பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை செல்வி அரைத்து வைத்த கொத்தமல்லியை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டு வந்தேன். யாழினி மோந்தாள். நிமிரவில்லை, யோசித்தாள்.

"உள்ள வா. உக்காரு. நான் மடியில வைப்பேன். அழுத்தக்கூடாது."

வைத்தாள். அடியில் கை கொடுத்துக்கொண்டேன். ஒரு கார்புரேட்டரின் கனம்கூட இல்லை. இதயம் என் உள்ளங்கையில் கடகடவென்று, டைமிங் தப்பிய எஞ்சின் மாதிரி. மூக்குச் சுருங்கியது. ஓடப் போகிறது என்று நினைத்தேன். ஓடவில்லை, அல்லது ஓட முடியவில்லை. எது என்று தெரியவில்லை. யாழினி வாயோரம் சிரிஞ்சை வைத்து ஒரு துளி விட்டாள். தாடை அசைந்தது. இன்னொரு துளி. விழுங்கியது. இன்னொன்று.

உள்ளங்கையில் என்னவோ சூடாக, மெத்தென்று.

"அப்பா, அசையாத! போடறான்!"

செல்வி துடைப்பத்தோடு ஓடி வந்து நின்றாள்.

"இன்னொண்ணு வருதுப்பா. அப்பிடியே இரு, அசையாத."

கண்ணில் நீர் வழிந்து மூக்கு நுனியில் நமைச்சல். அசையவில்லை.