எந்தக் கல்?

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. செம்பாக்கம் ஏரி நிரம்பித் தெருவரை தண்ணீர். கடை திறக்கவில்லை. காலையிலிருந்து என் மனைவி பரீதாவுக்கு மேல்வயிற்றில் வலி, முதுகுவரை. கேஸ் ட்ரபிள் என்று சோடா கொடுத்தேன். வாந்தி. மதியம் சுருண்டு படுத்துவிட்டாள். ஆட்டோ கிடைக்கவே ஒரு மணி நேரம். தாம்பரம் ஆஸ்பத்திரியில் அட்மிட்.

நவ. 4, செவ்வாய்

கணையம் வீங்கியிருக்கிறதாம். பித்தப்பையிலிருந்த கல் நழுவி வழியை அடைத்துவிட்டது. டாக்டரம்மா சின்ன வயசு.

"கல் இருக்குன்னு தெரிஞ்சும் ரெண்டு வருஷமா என்ன சார் பண்ணீங்க?"

"தினமும் வாழைத்தண்டு ஜூஸ் போட்டுக் கொடுத்தேன் மேடம்."

"அது கிட்னி கல்லுக்குச் சொல்றது சார். இது பித்தப்பை."

எனக்குக் கல் என்றால் கல். கல் தெரிந்த அன்றே ஆபரேஷன் என்றார்கள். பரீதாவும் சரி என்றாள். கத்தி எதற்கு, கரைத்துவிடலாம் என்றவன் நான். முட்டாள். வடிகட்டின முட்டாள்.

நவ. 5, புதன்

ஐசியு. தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது. வாங்க வேண்டியவை: டயபர், டிஷ்யூ, போன் சார்ஜர். வெளியே வந்த டாக்டரம்மாவை மடக்கினேன்.

"நாடு முழுக்க இது இப்ப ஜாஸ்தியாயிட்டு வருது சார். ஆனா முன்ன மாதிரி இல்ல, சாவு குறைஞ்சிருக்கு."

குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை. அந்த மிச்சத்தில் இவள் வேண்டாம், அல்லாஹ்.

நவ. 6, வியாழன்

மழை விட்டது. கேளம்பாக்கத்திலிருந்து பரீதாவின் தம்பி கபீர் வந்தான். ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டான்.

"இன்னாக்கா, அப்பவே ஆபரேஷன் பண்ணிக்கினு இருக்கலாம்ல? யாரு வேணாம்னது?"

அவள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"நான்தான்டா. பயந்துகினு வேணாம்னுட்டேன். உன் மச்சான் எவ்ளோ சொன்னாரு."

நான் மாஸ்க்கை மறுபடி அவள் முகத்தில் பொருத்திவிட்டேன்.

நவ. 7, வெள்ளி

காலையில் வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள். கிட்னியும் வேலை செய்யவில்லையாம். "எதுக்கும் தயாரா இருங்க சார்." ஜும்ஆவுக்குப் போகவில்லை. வராந்தாவில் கபீரிடம் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டது நான்தான்டா, அவள் இல்லை.

தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "சும்மா இருங்க மச்சான். அவ பண்ண தப்பை நீங்க ஏன் தலைல போட்டுக்கிறீங்க? அவளே சொன்னாளே."

சத்தியம் செய்தேன். நம்ப மாட்டேன் என்கிறான். எனக்கு டீ வாங்கப் போயிருக்கிறான்.