ஹபீபா குடித்த தண்ணீர்

தாராவி,
ரம்ஜான் மாதம், 1986

அன்புள்ள உம்மாவுக்கு, மகன் சலாவுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கிறதா? நாங்கள் இருவரும் நலம்.

உங்கள் கடிதம் வந்தது. நோன்பு நாளில், பட்டப்பகலில், உங்கள் மருமகள் செம்பூர் ஆஸ்பத்திரியில் தண்ணீர் குடித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், குடித்தாள். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

எங்களுக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று சோதிக்கப் போயிருந்தோம். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் சோனோகிராபி மெஷினில் பார்க்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். "அல்லா என்ன மன்னிப்பானா?" என்று ஒவ்வொரு மடக்குக்கும் அழுதாள் ஹபீபா. பிறகு அடக்கிக்கொண்டு பெஞ்சில் நெளிந்தபடி காத்திருந்தாள். பல்வலிக்கு அங்கே வந்த பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா மாமி அதைப் பார்த்து உங்களுக்கு எழுதிவிட்டார். டாக்டரம்மா சொன்னதை எழுதினாரா? "பாத்த வரைக்கும் இந்தப் பொண்ணுகிட்ட ஒரு கொறையும் இல்ல. அடுத்து நீங்க டெஸ்டுக்கு வாங்க" என்று என்னைத்தான் சொன்னார்.

விட்ட நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு ஹபீபா பிடித்துக்கொள்வாள். மாமிக்கு என்ன வந்தது?

எனக்கு இரண்டாவதாகப் பெண் பார்க்கிறீர்களாமே! குறை என்னிடம் என்று தெரிந்தால் ஹபீபாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பீர்களா?

மாமி வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வருவது நின்றுவிட்டது. இரண்டே பேர் உட்கார்ந்து நோன்பு திறக்கிறோம். கஞ்சிக்கு மசாலாப் பொடி இடித்து அனுப்புங்கள். பார்சலில் என் பெயர் வேண்டாம், ஹபீபா பெயரை எழுதுங்கள். தபால்காரர் கூப்பிடுவது இந்தச் சந்து முழுக்கக் கேட்கட்டும்.

பட்டறைக்கு நேரமாகிவிட்டது.

கோபம் தீராத உங்கள் மகன்,
சலாவுதீன்