உங்கள் கோட்டுக்கு மேலே ஏற்றிய வண்டி

என் அன்பு அத்தான்,

பரலோகத்தில் வேகத்தடை உண்டா என்று உங்களைப் பெற்ற மாமி கேட்கிறார். உண்டென்றால் அங்கேயும் வண்டியைச் சாய்த்துச் சாய்த்துத்தான் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். இறங்கி நடக்க நான்தான் பக்கத்தில் இல்லை.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்று காலை கோயிலில் நினைவு ஆராதனை நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், மாமி தூங்குகிறார். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் வண்டியை உயர்த்திவிட்டோம்.

என்ன வண்டி அது! சுனாமிக்கு அடுத்த வருஷம் துபாய்க்குப் போனவர், அங்கே ஒர்க் ஷாப்பில் காரைத் தாழ்த்துகிற வேலையைக் கற்றுக்கொண்டு வந்தீர்கள். ஊருக்கு வந்ததும் செய்த முதல் காரியம், கொச்சியில் யாரோ ஒதுக்கிப் போட்ட பழைய ஜப்பான் காரை வாங்கித் தரையோடு தரையாக இறக்கியதுதான். மாமி ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட்டு, "ஏலே, இதுல இருந்துட்டுப் போணுமா, கெடந்துட்டுப் போணுமா?" என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு அவர் அந்த வண்டிப் பக்கமே வரவில்லை.

நானும் திட்டாத நாள் இல்லை. கோயில் முன்னால் உள்ள வேகத்தடை வந்தாலே, "எறங்கு லில்லி, அடி தட்டும்" என்பீர்கள். பட்டுச்சேலையோடு இறங்கி, ஊர் பார்க்க நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வேன். அப்படி நடந்தும் வண்டி ஒரு தரம் கிறீச் என்று உரசத்தான் செய்யும். உங்கள் முகம் போகும் போக்கைப் பார்த்தால் உரசியது வண்டியா நீங்களா என்று தோன்றும்.

ஆனால் கீரிப்பாறை மலை வளைவுகளில் நீங்கள் ஓட்டிப்போன அன்று, என் மடியில் இருந்த மீன்குழம்பு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "தாழ்த்துறது தரையில தேய்க்கதுக்கு இல்ல. வளைவுல வண்டி சாயாம நிக்கணும், அதுக்குத்தான்" என்றீர்கள். உங்களை அவ்வளவு பெருமையாக நான் பார்த்ததை நீங்கள் கவனித்தீர்களா?

காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவே இல்லை. அதற்கும் ஊர் அந்தக் காரைத்தான் குறை சொல்கிறது. காய்ச்சலுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? இவர்கள் வாயை அடைக்கவா முடியும்?

மாமியின் முழங்கால் இப்போது ரொம்ப மோசம். வாரா வாரம் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் படி ஏற முடியவில்லை, ஆட்டோவில் குலுங்கினால் உயிர் போகிறது என்கிறார். கார் ஓட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அது இப்போதுதான் உதவுகிறது. ஆனால் அவ்வளவு தாழ்ந்த வண்டியில் அவரால் எப்படி ஏற முடியும்? உங்கள் கூட்டாளி செல்வினை வரச் சொன்னேன்.

ஷெட்டைத் திறந்தால், ஓட்டுகிற சீட்டில் அந்த ரப்பர் ஷீட் கட்டு, பெல்ட் போட்டபடி அப்படியே இருந்தது. ஓட்டுகிறவன் எடை சீட்டில் இருந்தால்தான் வண்டியின் நாலு மூலையும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று, ஜங்ஷன் ரப்பர் கடைத் தராசில் நீங்கள் ஏறி நின்று, உங்கள் எடைக்குச் சரியாக ஷீட்டைக் கட்டி வந்தீர்கள். காரெல்லாம் நாறுகிறது என்று நான் சண்டை போட்டேன். "நான் அடியில கெடக்கையில எனக்குப் பதிலா ஒருத்தன் மேல இருக்கணும்லா" என்று சிரித்தீர்கள்.

செல்வின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டான். "மைனி, இத பாருங்க." ஸ்பிரிங்கைத் தாங்குகிற வளையத்திலும் அது திருகி ஏறுகிற குழாயிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு. என் நெயில் பாலிஷ்! வளையத்தை நிறுத்திய இடத்துக்கு அடையாளம் வைத்திருக்கிறீர்கள். வளையத்தை மேலே திருகினால் வண்டி உயரும், கோடு இரண்டாகிவிடும். அவன் கை நின்றுவிட்டது. எனக்கும் திருகச் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தொடாத மக்களே. அவன் கை வச்சது அப்படியே இருக்கட்டு. நான் பைய குனிஞ்சு ஏறிக்கிடுவேன்." சக்கரத்தை மாட்டி இறக்கச் சொல்லி, ஏறியும் காட்டினார். ஏறினாரா, விழுந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. வலியில் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம்பிள்ள இவ்வளவு தாழத்துல இருந்தா லோகத்தப் பாத்தான்?" என்று கேட்டு அழுதார். அவரை வெளியே எடுக்க நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. "ஸ்பானர எடு செல்வின்" என்றேன்.

"இனி ஓட்டப் போறது நீங்கதான் மைனி. அந்த ரப்பர் கட்ட எறக்கிட்டு சீட்டுல நீங்க இருக்கணும்" என்றான். கட்டின் ஒரு தலைப்பை அவன் பிடித்தான், மறு தலைப்பை நான் பிடித்தேன். அடக்கத்தன்று உங்கள் பெட்டியை ஆண்கள் தூக்கிப் போனார்கள், என்னைத் தொடவும் விடவில்லை. உங்களை நான் தூக்கியது இப்போதுதான் அத்தான்.

பிறகு அந்தச் சீட்டில் நான் இருந்தேன். அடியில் வளையம் திரும்பும் சத்தம் கேட்டது. குழாயில் உங்கள் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வளையம் மட்டும் மேலே போய்விட்டது. புது இடத்தில் அதே பாலிஷால் நானே கோடு போட்டேன்.

போன வாரம் மாமியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கோயில் முன்னால் வேகத்தடை. என் கை தானாகக் கதவைத் திறக்கப் போயிற்று. வண்டி ஏறி இறங்கியது. கிறீச் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் இல்லை என்பது ஒரு வருஷம் கழித்து அங்கேதான் எனக்கு உறைத்தது. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். மாமி என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ரப்பர் கட்டை விற்க மாட்டேன், உங்கள் கோட்டை அழிய விட மாட்டேன். மாமிக்குக் கால் சரியாகட்டும். வண்டியை மறுபடி உங்கள் கோட்டுக்கே இறக்கிவிடுகிறேன். வேகத்தடை வந்தால் இந்தத் தடவை மாமி இறங்கி நடப்பாராம். அவரே சொல்லிவிட்டார்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது மகளும் ஆகிவிட்ட
உங்கள் மனைவி,
லில்லி