நீ எனக்குச் சொல்லாத தீவு

என் பிரியத்துக்குரிய சீலி,

"டீச்சர், நீங்க ஏதானா ஒரு தீவை நேர்ல பாத்துகிறீங்களா?"

இந்தக் கேள்வி உனக்கு நினைவிருக்கும். திருத்தணிப் பள்ளியில் நான் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மூங்கில் தட்டி, அதற்கு அந்தப்பக்கம் உன் தமிழ் வகுப்பு. நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று பலகையில் எழுதி, சாம்பாரில் மிதக்கும் இட்லியை உதாரணம் சொல்லி முடித்தேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் எழுந்து நின்று இதைக் கேட்டாள். கடலையே மெரினாவில் மட்டும் பார்த்தவள் நான். "இல்லம்மா" என்றேன். தட்டிக்கு அந்தப்பக்கம் நீ சிரித்த சிரிப்பு இரண்டு வகுப்புக்கும் கேட்டது.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே சொன்னாய். "அக்கா, ரிடையர் ஆனதும் ரெண்டு பேரும் தீவுக்குப் போறோம். உன் இட்லி மேல ஏறி நிக்கறோம்." எந்தத் தீவு என்று கேட்டேன். யோசிக்காமல் மால்டா என்றாய். இத்தாலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் பொட்டு வைத்தது போல் கிடக்கும் நாடு. கப்பல் உடைந்து ஓர் அப்போஸ்தலர் கரையேறிய தீவு என்று மணவூரில் உங்கள் சபையில் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாய். எனக்கு எந்தத் தீவாக இருந்தாலும் சரிதான். உன்னோடு போக வேண்டும், அவ்வளவுதான்.

சீலி, நான் போய்விட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு அந்தப் பெண் எதிரில் வந்து கேட்டால் "பார்த்தேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். உன்னிடம்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. எனக்கு முன்பே நீ பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டு, பார்க்காதவளைப் போல வருஷக்கணக்காக என் எதிரில் உட்கார்ந்திருந்தாய்.

உன் மகள் பியூலாதான் என்னை அழைத்தாள். அவள் நர்ஸ் வேலைக்கு மால்டா போகிறாள் என்று தெரிந்த நாளில் நாம் இருவரும் குதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ கண்ணை மூடிச் சில மாதம் கழித்து அவள் போன் செய்தாள். "பெரிம்மா, உங்களோட வரணும்னு அம்மா சொல்லிகினே இருந்தாங்க. நீங்களாவது வாங்க." அழுதுகொண்டேதான் பெட்டி கட்டினேன். உன்னுடைய சிவப்பு ஸ்வெட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டேன், நீயும் வருவதாக இருக்கட்டும் என்று.

தலைநகர் வாலெட்டா கடலுக்கு மேலே கோட்டை போல எழுந்து நிற்கிறது. கல்லெல்லாம் வெல்லப்பாகு நிறம். வீட்டுக்கு வீடு பச்சையும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்த மரப் பால்கனிகள். துறைமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், அங்கிருந்து ஊருக்கு மேலே ஏற ஒரு பெரிய லிஃப்ட்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர், நீ மாமா என்று கூப்பிட்டவர், காலமான பிறகு, மால்டா முழுக்கப் படி என்று கேள்விப்பட்டு, நாம் திருத்தணி மலைப்படியில் ஏறிப் பழகினோமே. நான் முருகனுக்காக ஏறினேன், நீ மால்டாவுக்காக ஏறினாய். பாதி வழி மண்டபத்தில் நீ உட்கார்ந்துவிட்டாய்.

"போதும் அக்கா. அங்க ஹார்பர்லேர்ந்து மேல போக லிஃப்ட் கீது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளக்காரன் லிஃப்ட் வெக்காம இருப்பானா?"

நாம் சிரித்த சிரிப்பில் வழி அடைபட்டு, காவடியோடு வந்த ஒருவர் கடிந்துகொண்டார். "யம்மாங்களா, சிரிக்கறதுன்னா ஓரமா குந்திகினு சிரிங்க. ஆளுங்க வர்றாங்க இல்ல?"

குருட்டாம்போக்கில் சொன்னது எவ்வளவு சரியாக இருக்கிறது பார் என்று துறைமுகத்தில் நின்று உன்னை மெச்சினேன். மெச்சினேன், சீலி!

மறுநாள் கோசோ என்ற சின்னத் தீவுக்குப் படகில் போனோம். அந்தக் கடலின் நீலத்துக்கு என்ன உதாரணம் சொல்வது? புது மைப்புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது போல. இறங்கிப் பார்த்தால் தீவு காய்ந்து கிடந்தது. மொட்டைப் பாறை, கல் அடுக்கிய வரப்பு, வரப்பு நெடுக சப்பாத்திக்கள்ளி. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கரடு மாதிரியே இருந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை மணவூரிலிருந்து ரயிலேறி நீ என் வீட்டுக்கு வருவாய். படுக்கையில் கிடந்த மாமாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டே நான் உனக்குத் தீவை வர்ணிப்பேன். பச்சைப்பசேல் என்று மலை, கரை முழுக்கத் தென்னை, எப்போதும் சாரல். "ஆங், அப்புறம்?" என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்பாய். ஒரு நாளாவது "தென்னை இருக்காது அக்கா, கள்ளிதான் இருக்கும்" என்று சொன்னாயா?

கோசோவில் ஒரு தேவாலயத்துக்கு முன்னால் அகலமான கல் படி. அதில் ஏறும்போது பியூலா சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்தப் படியிலதான் பெரிம்மா, அம்மாவோட செருப்பு பிஞ்சிடுச்சு. கல்லு சுடுதுன்னு குதிச்சிகினே வந்தாங்க. தோ அந்தக் கடைக்காரரு பாவப்பட்டு அவரு வீட்டம்மா செருப்பக் குடுத்தாரு."

"யாரோட அம்மா?"

"எங்கம்மாதான்." அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "பெரிம்மா... அம்மா உங்ககிட்ட சொல்லலியா? 'அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ வாயத் தொறக்காத'ன்னாங்களே!"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாவம் அந்தப் பெண், பேச்சை மாற்றப் பார்த்தாள். கோபுரத்தில் இருந்த இரண்டு கடிகாரத்தைக் காட்டி, "ஒண்ணு சரியான டைம், இன்னொண்ணு வேணும்னே தப்பா வெச்சது பெரிம்மா. பூசை எப்போன்னு சாத்தானுக்குத் தெரியக் கூடாதாம்" என்றாள். இரண்டையும் அண்ணாந்து பார்த்தேன். எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. மாமா பக்கவாதத்தில் விழுந்து, நான் வாசலைத் தாண்ட முடியாமல் கிடந்த முதல் வருஷம். பெங்களூரில் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது மால்டா. "ஏன்டி இப்படிக் கறுத்துப்போய் வந்திருக்கே?" என்று கேட்டேன். "பெங்களூர்ல கூட இப்பல்லாம் வெயில்தான் அக்கா" என்றாய். கையில் ஒரு பெட்டி மைசூர்பாகு. மாமாவுக்கு விண்டு விண்டு ஊட்டினேன். சீலி, அந்த மைசூர்பாகை எங்கே வாங்கினாய்? விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் கடை கடையாகத் தேடினாயா?

நீ போனதில் எனக்குக் கோபமில்லை. பெற்ற மகள் கூப்பிட்டால் எவள் போகாமல் இருப்பாள்? "அக்கா வீட்ட விட்டு நகர முடியாம கிறாங்க. இப்ப போய் சொன்னா மனசு ஒடஞ்சுடும்" என்று நீ பியூலாவிடம் சொன்னதும் அன்பினால்தான். அந்த ஒரு வருஷத்துக்கு அது அன்பு. அதற்குப் பிறகு?

ஓர் உதாரணம் சொல்கிறேன். கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட ஒரு பிள்ளை. பரீட்சைக்கு முந்தின நாள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, "என்னா கேப்பாங்களோ தெரியலியே" என்று நம்மோடு சேர்ந்து கவலைப்படுகிறது. பரீட்சை முடிந்த பிறகு நமக்கு விஷயம் தெரிகிறது. அது பார்த்தது கூட அப்புறம்தான் உறைக்கும். நம்மோடு சேர்ந்து கவலைப்பட்டதே, அதுதான் முதலில் சுடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மாமா போன பிறகு நான் விடுபட்டேன். வா போகலாம் என்றேன். உனக்கு முதலில் முழங்கால் வலி. அடுத்து மாடித் தளம் ஒழுகியது. அப்புறம் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றாய். பாஸ்போர்ட் எடுக்கச் சேர்ந்து போகலாம் என்றால், "நீ போ அக்கா, நான் தனியா எடுத்துக்கறேன்" என்றாய். உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது என்று இப்போது புரிகிறது. மால்டாவில் பியூலாவின் தெருக்காரர்கள் உன்னைப் பார்த்ததும் "திரும்ப வந்தீங்களா?" என்று கேட்டுவிடுவார்களே, அதற்குப் பயந்தாய், இல்லையா? ஒரு பொய்யைக் காப்பாற்ற நம் பயணத்தைக் கொன்றாய். காத்திருந்த காலத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது. என் பக்கத்துச் சீட்டில் நீ உட்கார்ந்திருக்க வேண்டிய விமானத்தில் உன் ஸ்வெட்டர் உட்கார்ந்து வந்தது.

அந்தப் படியிலிருந்து எழுந்த பிறகு நான் நடந்துகொண்டதைக் கேட்டால் நீ சிரிப்பாய். செங்குத்துப் பாறை ஓரத்துக்குப் போனோம். கீழே அதலபாதாளத்தில் கடல். "உங்கம்மா இங்க வந்தாளா?" "வந்தாங்க பெரிம்மா." முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொமினோ என்ற குட்டித் தீவு. கழுத்தளவு தண்ணீரில் கால்விரல் தெரிகிறது. "இங்க?" "ஆங், வந்தாங்க. இறங்கமாட்டேன்னு அடம் புடிச்சாங்க." நானும் இறங்கவில்லை. கடைசியில் பியூலாவுக்கே பொறுக்கவில்லை.

"இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க பெரிம்மா?"

"உங்கம்மா பாக்காத எடமா ஒண்ணு காட்டு."

யோசித்து, கோசோவின் வடகரைக்கு அழைத்துப் போனாள். பாறையையே சதுரம் சதுரமாக வெட்டி, கடல்நீரைத் தேக்கி உப்பு எடுக்கிறார்கள். பெரிய கோடு போட்ட நோட்டுப்புத்தகத்தைக் கடற்கரையில் விரித்தது போல, கண்ணுக்கு எட்டின வரை கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வானம். ஓரத்தில் உப்பு பூத்து நிற்கிறது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். பயணத்தில் முதல்முறையாக மனசு நிறைந்தது. "ஏய் சீலி, இங்க பாரேன்!" என்று திரும்பினேன்.

பியூலா நின்றுகொண்டிருந்தாள், உன் மூக்கோடு, உன் நெற்றியோடு. நீ இல்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு உன்னிடம் சொல்ல முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று அந்தப் பாறையில் தெரிந்துகொண்டேன். இப்படியொன்றை மனசில் வைத்துக்கொண்டா அத்தனை சனிக்கிழமை என் எதிரில் "ஆங், அப்புறம்?" என்றாய்? எப்படி முடிந்தது உன்னால்?

இங்கே ஊரில் ஆடிக் கிருத்திகைக்கு விளக்குச் சரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மலைப்படியில் நாம் சிரித்த அந்த மண்டபத்துப் பக்கம் நான் இன்னும் போகவில்லை. அடுத்த மாதம் மணவூரில் உனக்கு ஓராண்டு நினைவு ஜெபம். பியூலா வருகிறாள். "பெரிம்மா, அம்மாவப் பத்தி நீங்கதான் பேசணும். வேற யாருக்குத் தெரியும் அவங்கள?" என்று கேட்டாள். முதலில் முடியாது என்று போனை வைத்துவிட்டேன். எனக்கே உன்னைத் தெரியாது என்றால், சபைக்கு முன்னால் நின்று எந்தச் சீலியைப் பற்றிப் பேசுவது?

இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்போது ஒன்று தெளிந்தது. நான் வருகிறேன். உன் சிவப்பு ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவேன். நீ நல்ல ஆசிரியை என்று சொல்வேன், அது நிஜம். தீவைப் பற்றியும் சொல்வேன். அங்கே தென்னை இல்லை, கள்ளி உண்டு, செருப்பு அறுந்தால் கல் சுடும், லிஃப்ட் இருக்கிறது. அதெல்லாம் நீயும் பார்த்தது, உப்புப் பாறை மட்டும் நான் பார்த்தது. நீ எனக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் உன் சார்பில் நானே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் உன்னை மன்னிப்பேனா என்று என்னிடம் கேட்காதே. எனக்குத் தெரியாது. ஆனால் வருவேன். இது சத்தியம்.

கோபம் இன்னும் ஆறாத உன் அக்கா,
விமலா

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று: உங்களுக்கு வேண்டியவர் ஏங்கிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டு மறைத்து வைத்திருந்தால், இன்றைக்கே அவர் எதிரில் உட்கார்ந்து, "நான் பாத்துட்டேன், மறுபடியும் உன்னோட வரேன்" என்று சொல்லிப் பாருங்கள்.