‘டி’ வாங்கிய வருடம்

தொயாமா
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள நாகிசாவின் அப்பாவுக்கு,

மலையுச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மூக்கு நுனி சில்லென்கிறது. ஃபுகுவோகாவில் இன்னும் அரைக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கம்பளி உள்சட்டை இரண்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். குளிரவில்லை என்று பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

பேரிக்காய் மரம் இந்த வருடம் காய்க்கவே இல்லை. சீமைப் பனிச்சை மட்டும் கிளை ஒடியும் அளவுக்குக் காய்த்தது. பாதியைத் தோல் சீவி, கூரையடியில் காயக் கட்டித் தொங்கவிட்டேன். எட்டவில்லை, பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். திட்டாதீர்கள், விழவில்லை. நாகிசா ஒசாகாவிலிருந்து வாரம் ஒரு முறை பேசுகிறாள். புது வேலையில் தலைமைக் கணக்கர் கொஞ்சம் சிடுமூஞ்சியாம். மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம். சொன்னால் நீங்கள் “ம்” என்பீர்கள். இன்னொன்று சொன்னால் அதற்கும் “ம்” என்பீர்கள். இப்போது சொல்லப்போவதற்கு “ம்” போதாது என்று தோன்றியது. அதனால்தான் கடிதம்.

போன மாதம் எங்கள் தொழிற்சாலை முற்றத்துக்கு உடம்புப் பரிசோதனை பஸ் வந்தது. முடிவுகள் இந்த வாரம் கைக்கு வந்தன. கமபோகோவுக்காக மீனை அரைத்து அவிக்கும் பகுதியில் அன்று யாரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பள்ளிக்கூடத்து மார்க் ஷீட் மாதிரி, உனக்கு எத்தனை ஏ, எனக்கு எத்தனை பி என்று ஒரே கூச்சல். தொகாஷி அக்காவுக்கு எடையில் சி. அதை அவள் மறைக்கவே இல்லை. “கமபோகோ ருசி பாக்குறதுதான் என் உத்தியோகம். சம்பளம் கொடுத்துத் திங்கச் சொல்றாங்க, அப்புறம் குண்டாயிட்டேன்னு சி போடுறாங்க. இது எந்த ஊர் நியாயம்?” என்று மேற்பார்வையாளரிடமே போய்க் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “சிசூரு, உனக்கு எல்லாம் ஏ-தானே? முதல் பெஞ்சு மூஞ்சி உனக்கு” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் ஏ இல்லை. ஒன்று மட்டும் டி. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதில். பக்கத்தில், “விரிவான பரிசோதனை தேவை” என்று சிவப்பு முத்திரை. தாளை மடித்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை. நாகிசா பிறந்ததிலிருந்து எனக்கு மூலம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதுவாகத்தான் இருக்கும். தவிர, இரண்டு நாள் எடுத்துக் கொடுத்ததில் ஒரு நாளுடையதில்தான் ரத்தம். மற்றது சுத்தம். பாதி பாஸ் என்று வைத்துக்கொள்ளலாம், இல்லையா? புத்தாண்டு வரை எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. சிவப்பும் வெள்ளையுமாகக் கமபோகோ ஜப்பான் முழுக்கப் போக வேண்டும். ஜனவரியில் இன்னொரு முறை எடுத்துக் கொடுத்துப் பார்க்கிறேன். சுத்தம் என்று வந்தால் விஷயம் முடிந்தது.

சொல்லாமல் இருந்தால் ஒளித்தது போல இருக்கும் என்பதால் எழுதினேன். நாகிசாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். இரவில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல், சோறு வடித்துச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சிசூரு


ஃபுகுவோகா
நவம்பர்

சிசூருவுக்கு,

கடிதத்தைப் பருவத்தைச் சொல்லித் தொடங்க வேண்டும் என்று தெரியும். இங்கே மழை. அவ்வளவுதான் எனக்கு வரும்.

உன் கடிதத்தை, லிப்ட் பழுது பார்க்கப் போன ஒரு ஓட்டலின் மொட்டை மாடியில், எந்திர அறைக்குள் உட்கார்ந்து படித்தேன். பிறகு மறுபடியும் படித்தேன். கீழே ஆட்கள் லிப்டுக்குக் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்தது இதுவே முதல் தடவை.

எங்கள் அலுவலகத்துக்கு மாதம் ஒரு நாள் ஹாகா என்று ஒரு டாக்டர் வருவார். வயதானவர். காது கொஞ்சம் மந்தம். நீ எழுதியதை அவரிடம் உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. வெளியே கியூவில் நின்றவர்களுக்கெல்லாம் உன் மூலம் பற்றித் தெரிந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டி என்றால் நோய் என்று அர்த்தமில்லை. உள்ளே பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம். இப்படி டி வாங்கி, குழாய் விட்டுப் பார்க்கிற நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் புற்றுநோய் இருக்குமாம். முப்பது நாற்பது பேருக்கு வெறும் சின்னக் கட்டி. பலருக்கு ஒன்றுமே இருக்காது. அந்த மூன்று நான்கு பேரிலும், தொந்தரவு எதுவும் தெரிவதற்கு முன்பே வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்களாம்.

நான் உடனே, “அப்போ இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்துப் பாத்தா போதுமா டாக்டர்?” என்று கேட்டேன். மனிதர் மேஜையைத் தட்டினார். “எல்லாரும் இதைத்தான் கேக்குறீங்க! உள்ள கட்டி இருந்தா அது தினமுமா ரத்தம் விடும்? அடுத்த தடவை சுத்தமா வந்தா, அன்னைக்கு ரத்தம் வரலைன்னுதான் அர்த்தம். ஒரு நாள் வந்தாலும் வந்ததுதான்யா. பாதி பாஸுன்னு ஒண்ணு கிடையாது” என்றார். மூலம் இருக்கிறது என்றேன். “இருக்கட்டுமே. ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் இருக்கக்கூடாதா?” என்றார்.

சிசூரு, இது எனக்கு நன்றாகப் புரிந்தது. லிப்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். பெரும்பாலும் கதவு இடுக்கில் தூசியாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக வரும் பையன்கள், மின்சாரத்தை அணைத்து மறுபடி போட்டுவிட்டு, விளக்கு அணைந்துவிட்டது சார், சரியாகிவிட்டது சார் என்பார்கள். அவர்களை நான் எப்படித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும். மூடியைக் கழற்றிப் பார். ஜனவரியில் இல்லை, இப்போதே.

நீ வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவாய் என்று பயமாக இருந்தது. அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். தொகாஷி அக்காவுக்குப் போன் செய்தேன். நீ கோபப்படலாம். அவர் என்னிடம், “தம்பி, போனை வை. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார். மேற்பார்வையாளரின் நிலையை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

நான் வந்திருக்க வேண்டும். கேட்டுப் பார்த்தேன். வருடக் கடைசியில் ஓட்டல்கள் எல்லாம் நிரம்பியிருக்கும்போது ஆளை விட முடியாது என்கிறார்கள். புத்தாண்டுக்கும் இங்கேதான் என்று இப்போதே பட்டியலில் பெயர் போட்டுவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. போனில் நான் “ம்” என்பது கேட்காததால் இல்லை. வேறு ஏதாவது சொன்னால் நீ பேசுவதை நிறுத்திவிடுவாயோ என்றுதான். நீ பேசி முடித்ததும் இந்த அறை ரொம்பச் சின்னதாகிவிடுகிறது.

உள்சட்டை சரியாக இருக்கிறது.

குனிஹிகோ


தொயாமா
டிசம்பர்

அன்புள்ள நாகிசாவின் அப்பாவுக்கு,

இரவெல்லாம் இடி. மீன் வருவதற்கான இடி என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் முகம் மலர்ந்திருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. ஒரு வழியாகத் தள்ளி ஒதுக்கிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

தொகாஷி அக்கா விஷயத்தில் உங்கள் மேல் இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன். நீங்கள் போன் செய்த மறுநாள் காலை, மீன் அரைக்கிற எந்திரச் சத்தத்துக்கு மேலே அவள் குரல்: “முதல் பெஞ்சு! எல்லாம் ஏ-ன்னு என்கிட்டயே கதை விட்டியா?” என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேற்பார்வையாளர் முன்னால் நிறுத்தினாள். அந்த ஆள் காலண்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “இவளுக்கு லீவு கொடுக்கலேன்னா, அன்னைக்கு முழுக்க நான் ருசி பாக்க மாட்டேன். உப்பு கூடிப் போனா நீங்களே போய்ப் பதில் சொல்லுங்க” என்றாள். கொடுத்துவிட்டார்.

பரிசோதனை நாளைப் பற்றிக் கேளுங்கள். காலையிலேயே ஆறேழு பேரை ஒரே அறையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பெரிய குடுவை பேதி மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். உப்பும் எலுமிச்சையும் போட்ட வெந்நீர் ஆறிப்போன மாதிரி ஒரு ருசி. முதலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அரை குடுவை தாண்டியதும், வெட்கம் போன இடம் தெரியவில்லை. யார் எழுந்து ஓடுகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள் என்று எல்லோரும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து, தெளிவாக இருந்தால் பாஸ் என்பாள். ஒரு கோயில் குருக்கள் இருந்தார், மொட்டைத்தலையும் நல்ல தொப்பையுமாக. அவர் மட்டும் பாஸாகவே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த டாக்சி ஓட்டுநர், “சாமி, நேத்து என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க” என்றார். “கடற்பாசி... கொஞ்சம்தான்” என்றார் குருக்கள். “கொஞ்சமா? அது இன்னும் வந்துக்கிட்டே இருக்கே!” அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். முத்திரை குத்திய அந்தத் தாளைக் கண்ட நாளிலிருந்து நான் சிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பார்த்த டாக்டர் மினாகாவா என்ற பெண். நம் நாகிசாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமாக, அழகாகவே இருந்தது. ஒரு வளைவில் மட்டும் சின்னக் காளான் மாதிரி ஒன்று. கம்பிச் சுருக்குப் போட்டு அங்கேயே அறுத்து எடுத்துவிட்டாள். வலிக்கவில்லை. “இதை அனுப்பிப் பாக்கலாம்மா. மூலமும் இருக்கு, உங்க சந்தேகமும் தப்பில்ல” என்றாள். உங்கள் ஹாகா டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டு குடித்தனமும் இருந்தது என்று.

போன வாரம் அதன் முடிவு வந்தது. அன்று மாலை போனில் எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். நீங்கள் “ம்” என்றீர்கள். அந்த “ம்” வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

அந்தக் காளானின் நுனியில் புற்றுநோய் இருந்தது.

பயந்துவிடாதீர்கள், முழுக்கப் படியுங்கள். மேல் தோலோடு நின்றுவிட்டது, ஆழமாகப் போகவில்லை. அறுத்த விளிம்பு சுத்தம். இதற்கு மேல் சிகிச்சை எதுவும் தேவையில்லை, அடுத்த வருடம் மறுபடி பார்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னாள். நான் நம்பாத மாதிரி உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மா, நல்லாக் கேளுங்க. இருந்துச்சு. இப்ப இல்ல. இன்னும் சில வருஷம் விட்டிருந்தா நாம வேற பேச்சுப் பேசிக்கிட்டிருப்போம்” என்றாள். இருந்தது, இப்போது இல்லை. பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மீன் சந்தை வரைக்கும் போய்விட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லாப் பெண்களுக்கும் நானே சொல்லிவிட்டேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது? சிலர் அழுதார்கள். தொகாஷி அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கை கழுவுகிற இடத்தில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “நான் ஒரு வருஷம்கூட அதை எடுத்துக் கொடுத்ததில்ல. வெறுங்குழாயைத்தான் திருப்பிக் கொடுப்பேன். அசிங்கமா இருக்கும். அதுக்கு அவங்க ஒரு கோடு போட்டுடுவாங்க. கோடுதானே, டி இல்லையேன்னு இருந்துட்டேன்” என்றாள். எனக்காக மேற்பார்வையாளரோடு மல்லுக்கு நின்றவள். கண்ணில் அவ்வளவு பயம். திங்கட்கிழமை அவளை நான் கூட்டிப் போகிறேன். இந்த முறை கையைப் பிடித்து இழுக்கப்போவது நான்.

முடிவு வந்த அன்று மாலை அந்தச் சந்தையில் பெரிய மீனில் பாதி வாங்கி வந்திருந்தேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. முள்ளங்கி போட்டுக் கொதிக்க வைத்து, இரண்டு கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன். பழக்கம். நீங்கள் வேலை மாற்றலாகி அங்கே போய் ஆறு வருடமாகியும் கை மறக்கவில்லை. இரண்டாவதை மறுநாள் சுட வைத்து நானே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

நாகிசாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். புத்தாண்டுக்கு வருகிறாள்.

உங்களுக்கு அங்கே வேலை இருக்கும், பட்டியலில் பெயர் போட்டிருப்பார்கள், பரவாயில்லை என்று எழுதத் தொடங்கினேன். ஆறு வருடமாக அப்படித்தானே எழுதி வந்திருக்கிறேன். எழுதிய வரியை அடித்துவிட்டேன். மேலே மை கசிந்திருப்பது அதுதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறேன். நன்றாக இருக்கும்போதே கேட்கிறேன்.

வீட்டுக்கு வாருங்கள்.

சிசூரு