வெள்ளை விரிப்பில் தூங்கிய குழந்தை

ஞாயிற்றுக்கிழமை, இரவு

சிம்பாங் பூலாயில் மகள் வீட்டுப் பக்கம் குடிபோக வேண்டும் என்றுதான் இந்தச் செமோர் வீட்டை விற்கிறோம். இன்று வீடு பார்க்க ஆள் வருவதால் ஏஜெண்ட் செல்வி புதுத் திரைச்சீலை மாட்டி, கட்டிலில் வெள்ளை விரிப்பு விரித்து வைத்தாள்.

"அக்கா, இன்னிக்கு சமைக்காதீங்க லா, வாடை வரும். கட்டில்லயும் யாரும் உக்காரக் கூடாது."

ஆயர் தாவாரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கைக்குழந்தை விடாமல் அழுதது. தாய்க்கோ நிற்கும்போதே கண் சொருகியது. நான் குழந்தையை வாங்கி அந்த விரிப்பிலேயே போட்டுத் தட்டினேன். தூங்கிவிட்டது. பக்கத்தில் சாய்ந்த தாயும் தூங்கிவிட்டாள்.

செல்வி தலையில் கை வைத்தாள். பிறகு குரலைத் தணித்து, அந்தக் கணவனுக்கு மட்டும் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மதியமாகிவிட்டது. பசியோடு எப்படி அனுப்புவது? நெத்திலி சம்பல் செய்தேன். வீடெல்லாம் மணம். அவன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவள் எழுந்து கூச்சத்தோடு வந்தாள். "புள்ள பொறந்ததுலேர்ந்து நான் இப்படித் தூங்கினதே இல்லக்கா." பிறகு கணவனிடம், "இந்த வீட்டையே எடுத்துக்கலாங்க," என்றாள். அவன் வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினான்.

விரிப்பைக் குழந்தை நனைத்திருந்தது. செல்வி சிரித்துக்கொண்டே அலசினாள்.

இனி பேங்க் லோன் மட்டும் அவர்களுக்கு... சரி, அது நாளைய கவலை. என் வீட்டுக்காரர் கூடத்தில் மகளோடு போனில், "பக்கத்துலயே வந்துருவோம் லா," என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். போனை என்னிடம் தருகிற மாதிரி தெரியவில்லை. போய்ப் பிடுங்க வேண்டியதுதான்.