ஊறுகாய்த் தண்ணீரில் ஒரு மீன்

கூட்டாளி,

எத்தனை முறை சோப்புப் போட்டும் என் கையில் செத்த மீன் வாடை போகவில்லை. இன்று காலை உன் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். பெரிய ஆரஞ்சு மீன் பாறையிடுக்கில் செத்துக் கிடந்தது. சின்னது மட்டும் ஒரு மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வந்த கோபத்தில் உன் பெயரைச் சொல்லித் திட்டினேன். "செத்தவர இப்படியா ஏசுறது?" என்றாள் என் மனைவி. உன்னை ஏசாமல் வேறு யாரை ஏசுவது?

யார் கேட்ட தொல்லை இது? தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் அளந்து ஓய்ந்து, பாரோயில் மகள் வாங்கிய வீட்டுக்குப் போனாய். போன இடத்தில் கோழி வளர்க்கலாம், கத்தரிச் செடி போடலாம். உனக்கோ கடல் மீனும் பவளமும் கேட்டது. "முப்பது வருசம் வெள்ளப் பாலையே பாத்தாச்சு. இனிமே கலரா எதையாச்சும் பாக்கணும்லா" என்றாய். அந்தப் பச்சைப் பவளம் முதல்முறை விரிந்த அன்று, பேத்தி பிறந்ததைச் சொல்வது போல எனக்குப் போன் போட்டாய்.

தொட்டிக்கு இரண்டு மாதம் ஆகுமுன் மருத்துவமனையில் படுத்தாய். உன் வீட்டில் எல்லோரும் அங்கேயே கிடந்தார்கள். "பத்து நாளு உன் வீட்டுல வச்சுப் பாத்துக்க. மிதவ ஒழுங்கா நிக்கிதான்னு மட்டும் பாரு" என்றாய். அவ்வளவுதான் நீ நடத்திய பாடம். லோரியில் தொட்டி தோட்டத்துக்கு வந்தது. நீ வரவேயில்லை.

மிதவை என்றால், உப்பை அளக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் கண்ணாடிக் குச்சி. அதைப் பார்க்க எனக்கா தெரியாது? நான் வெட்டிக் கொண்டுவந்த பாலில் அதே மாதிரிக் குச்சியை நீ மிதக்கவிட்டதை எத்தனை வருடம் எதிரே நின்று பார்த்தவன். கெட்டிப் பாலில் குச்சி அமிழும். தண்ணீர் கலந்த பாலில் எழும்பி நிற்கும். ஒரு மழை நாளில் என் வாளியில் எழும்பி நின்றபோது, "தண்ணி கூடிருச்சே" என்று அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கினாயே, மறந்துவிடுவேனா?

என் வீட்டுத் தகரக் கூரைச் சூட்டுக்குத் தொட்டி தாங்காதென்று காற்றாடியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். தண்ணீர் வற்றியது, குச்சி எழும்பியது. ஆகா, தண்ணீர் கூடிவிட்டது என்று உப்பைக் கரைத்து ஊற்றினேன். மறுபடி எழும்பியது. மறுபடி உப்பு. வற்றுகிற தொட்டியில் தண்ணீர் எப்படிக் கூடும் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. பவளமெல்லாம் சுருங்கி மூடிக்கொண்டன.

தொட்டித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு, லோபாக்கில் நீ மீன் வாங்கிய கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மா அளந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அங்கிள், இது கடல் தண்ணி இல்ல, ஊறுகா. குச்சி மேல வந்தா உப்பு கூடிருச்சுன்னு அர்த்தம். தண்ணிதான் ஆவியா போகும், உப்பு அங்கயேதான இருக்கும்? வத்துனா வெறும் தண்ணி ஊத்தணும்லா."

பால் குச்சிக்கு நேர் எதிர். நான் விழித்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். "நீங்களும் பால் தோட்டமா? அந்தப் பாரோய் அங்கிளும் இதே தப்பத்தான் பண்ணாரு. மொத ஜோடி மீனு செத்துப் போச்சு. வேற ஜோடி வாங்கிட்டு, யாருகிட்டயும் சொல்லாதம்மான்னு போனாரு."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் சிரித்திருப்பேன். அந்த வாளி விஷயத்துக்குப் பழி தீர்ந்தது என்று ஒரு வாரம் சிரித்திருப்பேன். அவ்வளவுதானே?

நெஞ்சு வலியையும் இப்படித்தான் மறைத்தாய். நாலு படி ஏற நின்று நின்று மூச்சு வாங்கியபோது, மூட்டு வலி என்று என்னிடம் பொய் சொன்னாய். உன் மனைவியிடமும் அதே பொய். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டபோது நாங்கள் இருவரும் அந்த மூட்டு வலியைத்தான் சொன்னோம். உனக்கு வெட்கமாம். பால் அளந்தவனுக்குத் தப்பும் வரக்கூடாது, வலியும் வரக்கூடாது. போடா.

வீட்டுக்கு வந்து, வடிகட்டிய வெறும் தண்ணீரைச் செம்பில் எடுத்துக் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரேயடியாக உப்பை இறக்கினால் மீன் தாங்காதாம். நாள் கணக்கில் இறக்க வேண்டும். சின்னது பிழைக்குமா, தெரியவில்லை. ஊற்றும்போதே இடது தோளில் ஒரு பிடிப்பு வந்தது. ஒரு வாரமாகவே வந்து போகிறது, மூச்சும் வாங்குகிறது. தண்ணீர் தூக்கியதால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

செம்பை வைத்துவிட்டு மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் உடனே அடுப்பை அணைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

இதை ராசாப் பக்கம் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் எண்ணை இன்னும் கூப்பிடவில்லை. உள்ளே போனதும் தோளைச் சொல்வேன், மூச்சைச் சொல்வேன், டாக்டர் கேட்காததையும் சொல்வேன்.